ஆரஞ்சு நூல்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குக் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். யூனிட்டில் பாதி மிஷின்களுக்கு உறை போட்டாயிற்று. மீதிப் பாதியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால், இவருடைய ஜீப் குரூப்புக்கு டி-ஷர்ட். ஏற்றுமதி ஆர்டர் காத்துக் கிடக்கிறது, அய்யாவுக்கு நெஞ்சில் சக்கரம் போட்ட டி-ஷர்ட் அவசரம். இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனாலும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள்.

குரூப்பின் பெயர் பனியன் ஜீப்பர்ஸ். எல்லாரும் எங்களைப் போல யூனிட் வைத்திருப்பவர்கள். வாரமெல்லாம் ஷிப்மென்ட், ரிஜெக்ட் என்று வயிற்றெரிச்சல். ஞாயிறானால் ஜீப்பைக் குட்டையிலோ கரட்டிலோ இறக்கி, மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இழுத்துவிட்டு, சேறும் சிரிப்புமாக வீட்டுக்கு வருவார்கள். இந்தத் தடவை மணலாம். குடியரசு தின லீவுக்கு, குடும்பத்தோடு, கூடாரத்தோடு.

இடம் சொன்னது எங்கள் கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ். தெற்கே கடற்கரை ஊர் அவருக்கு. "எங்க ஊர்ல ஒரு மணல் தீவு கெடக்கு அண்ணாச்சி. தண்ணி வத்துற நேரம் வண்டியிலயே கடந்துரலாம்" என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வைத்ததும், வழி காட்டக் கூட வருவதும் அந்தோணிதான்.

நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். பாப்பா ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். போய்த் தொலைய வேண்டியதுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

மாட்டிக்கொண்ட ஜீப்பை இழுக்க ஒரு பட்டை வேண்டும் என்று இவர் போனில் தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு நாடா, இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த வளையம். அவ்வளவுதான்.

"இதையா காசு குடுத்து வாங்கப் போறீங்க?"

"அது ஸ்பெசல் தையல் கண்ணு."

"தையலைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களாக்கும்."

சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். போன வருடம் பை ஆர்டருக்கு வாங்கிய ஆரஞ்சு நாடா ஒரு ரோல் ஸ்டோரில் அப்படியே கிடக்கிறது. எருமையைக் கட்டினாலும் நிற்கிற நாடா. மிஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது. திருப்பூரில் இருந்துகொண்டு தைத்த சாமானைக் கடையில் வாங்குவதா?

21 ஜனவரி, செவ்வாய்

ஒச்சம்மாள் ஊரிலிருந்து வந்துவிட்டாள். உசிலம்பட்டிப் பக்கம். இழுவை தாங்க நெருக்கித் தைக்கிற பார்டேக் மிஷினில் அவள் உட்கார்ந்தால் எனக்குக் கவலையே இல்லை. பட்டையை அவளிடம் கொடுத்தேன். பை ஆர்டரில் மிஞ்சிய முரட்டு நைலான் நூல், கறுப்பு, அதை ஏற்றி ஒரு வரி ஓட்டினாள். பார்த்ததும் எனக்கு முகம் சுளித்துவிட்டது. ஆரஞ்சு மேல் கறுப்பு, ஆபரேஷன் தையல் மாதிரி. பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

டி-ஷர்ட்டுக்கு ஓடுகிற சாதா நூலில் அதே ஆரஞ்சு இருந்தது. ஷேட் பார்த்து ஓகே ஆகி வந்த கோன். "இதைப் போடு, ரெண்டு வரிக்கு நாலு வரியா ஓட்டிரு" என்றேன். தைத்து முடித்த பிறகு நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எந்த பையரிடம் காட்டினாலும் முதல் பீஸிலேயே பாஸ்.

"அழகா இருக்குக்கா" என்றாள் ஒச்சம்மாள்.

முனையில் குரூப் பேரோடு ஒரு லேபிளும் வைத்தாயிற்று. இவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறார். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பார்.

25 ஜனவரி, சனி

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நாட்குறிப்பு முழுக்க மணல்.

காலையில் கரையில் நின்று எல்லா ஜீப்புக்கும் டயர் காற்றைப் பாதியாக இறக்கினார்கள். காற்று குறைந்தால்தான் டயர் பரந்து மணலில் ஏறுமாம். தண்ணீர் வற்றியிருந்தது. அந்தோணி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு முன்னால் நடந்தார். காலாலேயே தரையைத் தட்டிப் பார்த்து, இங்கே கெட்டி, அங்கே போகாதீங்க என்று கையைக் காட்ட, ஒவ்வொரு ஜீப்பாகப் பின்னால் வந்தது. யூனிட்டில் துணியைப் பார்த்துக் குனிந்தே இருக்கிற மனிதர். இங்கே நிமிர்ந்து நடக்கும்போது வேறு ஆள் போலத் தெரிகிறது. டி-ஷர்ட் முதலில் வேண்டாம் என்றார், "அது முதலாளிமாருக்குள்ளதுல்லா" என்று. நான்தான் திட்டிப் போட வைத்தேன்.

தீவில் ஒரு மரம் இல்லை. மணல், சுற்றிலும் தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளைகள் நண்டு துரத்துகின்றன. பிரிண்டிங் யூனிட் இளங்கோ வழக்கம்போல எல்லாரையும் வீடியோ எடுத்து வம்பு இழுக்கிறார். மத்தியானம் இவர் பட்டையை எடுத்துக் காட்டினார். கை மாறி கை மாறிப் போயிற்று.

"எங்கீங்க வாங்குனீங்க?"

"வாங்கறதா? என்ற ஊட்டுக்காரி தெச்சது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

அந்தோணிக்கு அடிபட்டுவிட்டது. எழுத வரவில்லை.

29 ஜனவரி, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு காலை திரும்பும்போது எங்கள் ஜீப் கடக்கிற இடத்தில் இறங்கிவிட்டது. அந்தோணி காட்டிய தடத்தை விட்டு இவர் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தார், அவ்வளவுதான், சக்கரம் பாதி உள்ளே போயிற்று. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் பதற்றம். இளங்கோ தன் ஜீப்பைக் கெட்டித் தரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவரிடம் கடையில் வாங்கிய கயிறு இருந்தது, ரப்பர் மாதிரி இழுபடுகிற கயிறு, முனையில் இரும்புக் கொக்கி. நீளம் பத்தவில்லை. அதனால் எங்கள் ஜீப்பில் என் பட்டையைக் கட்டி, பட்டையின் வளையத்தில் அந்தக் கொக்கியை மாட்டினார்கள். மாட்டியது அந்தோணி. கொக்கி வாயில் ஒரு பூட்டு உண்டு, அதை அழுத்திவிட்டு, இளங்கோ ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். கெட்டித் தரை எதுவரை என்று காட்ட வேறு யாருக்கும் தெரியாதே.

இளங்கோ இழுத்தார். கயிறு விறைத்தது. பட்டென்று ஒரு சத்தம். கொக்கி பறந்து போய் அந்தோணியின் வலது தோளில் அடித்தது. அவர் கத்தக்கூட இல்லை. தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நானும் ஓடியிருக்க வேண்டும். என் கால் பட்டைக்குப் போயிற்று. எங்கள் ஜீப்பில் இருந்து அது தண்ணீரில் நேராக நீண்டு கிடந்தது. முனையில் வளையம் இல்லை. தையல் நாலு வரியும் பிரிந்து, நாடா பிளந்து கிடந்தது. ஆரஞ்சு நூல் பொடிப் பொடியாக நின்றது.

"கொக்கி நழுவிருச்சு. பூட்டை யாரு பாத்து மாட்டுனது?" என்று இளங்கோ அங்கிருந்து கத்தினார்.

"அந்தோணி" என்று யாரோ சொன்னார்கள்.

நான் பட்டையைச் சுருட்டினேன். சுருட்டி, கம்பளிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டேன். யோசித்துச் செய்தேனா? தெரியவில்லை. யோசிக்காமல் செய்தேன் என்று எழுதினால் நிம்மதியாக இருக்கும். ஆனால் ஜிப்பை இழுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேனே.

30 ஜனவரி, வியாழன்

பட்டை ஸ்டோரில், லேபிள் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

3 பிப்ரவரி, திங்கள்

அந்தோணியை இங்கே திருப்பூர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தாயிற்று. ஜீப்பை ஊர்க்காரர்கள்தான் தண்ணீர் வற்றிய பிறகு இழுத்துக் கொடுத்தார்கள். செலவெல்லாம் நாங்கள்தான். காறை எலும்பு முறிந்ததை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் நரம்பும் நசுங்கியிருக்கிறது. வலது கை விரல் மடங்கவில்லை. மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கட்டிங் மாஸ்டருக்கு வலது கை. அடுக்கி வைத்த துணி மேல் கத்தி மிஷினைப் பிடித்து ஓட்டுகிற கை.

ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். பையில் ஆரஞ்சைப் பார்த்ததும் எனக்கே அருவருப்பாகி, அதை வரவேற்பில் வைத்துவிட்டேன்.

"அக்கா, என்னால எல்லாருக்கும் சங்கடம்" என்றார். "பூட்டை அழுத்துன மாதிரிதான் ஞாபகம். சத்தங்கூடக் கேட்டுச்சு. ஆனா நழுவிருச்சுல்லா, அப்ப அழுத்தலன்னுதான அர்த்தம்."

நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லவேளை எம்மேல பட்டுச்சு. பாப்பா கொஞ்சம் முந்திதான் அந்த எடத்துல நின்னுச்சு. நெனைச்சா ஒறக்கம் வர மாட்டேங்கு. மன்னிச்சிருங்க அக்கா."

"அதெல்லாம் நினைக்காதீங்க அந்தோணி" என்றேன். அவர் மனைவி மரியபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நாங்க என்னாயிருப்போம்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாமே.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். யூனிட் லீவு. ஊரே பழனிப் பக்கம் போயிருக்கிறது.

இளங்கோ அன்றைய வீடியோவைக் குரூப்பில் போட்டிருக்கிறார். அவர் மனைவி எடுத்தது. கயிறு விறைப்பது, சத்தம், அந்தோணி உட்காருவது எல்லாம் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறார்: "கொக்கியின் பூட்டைச் சரியாகப் போடாமல் விட்டால் இதுதான் நடக்கும். அனைவருக்கும் பாடம்." மற்ற ஊர் குரூப்புகளுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். வரிசையாகக் கட்டை விரல்கள். இவரும் ஒன்று போட்டிருக்கிறார்.

சாயங்காலம் பாப்பா சொல்கிறாள், "அம்மா, அந்தோணி மாமா லாக் போட மறந்துட்டாருன்னு நேத்து எங்க கிளாஸ்ல சொன்னேன். மிஸ் எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க."

எதற்குக் கைதட்டல் என்று கேட்டேன். சேஃப்டி பற்றிப் பேசியதற்காம்.

14 பிப்ரவரி, வெள்ளி

ஒச்சம்மாள் டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. என் தையல் எதுவும் விட்டுப் போச்சா?"

"சேச்சே. கொக்கி நழுவுனதுன்னு எல்லாரும் பாத்தாங்களே."

"அன்னையிலருந்து சோறு எறங்கல. அந்தோணி அண்ணே மூஞ்சில முழிக்கவே பயமா இருந்துச்சு" என்று சிரித்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

இது இரண்டாவது பொய். இதற்கு யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். பட்டையைக் கொண்டுபோய் முன்னால் போட்டேன்.

விரித்துப் பார்த்தார். பைப்பை மூடினார். திரும்பவும் பார்த்தார்.

"எந்த நூலு?"

"டி-ஷர்ட் நூல்."

"கறுப்பு நூல் இருந்துதல்ல?"

"இருந்துச்சுங்க. கலர் ஒத்து வரலைன்னு..."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, உடு கண்ணு. வேணும்னா பண்ணுன? கயிறுன்னா அத்துப்போறதுதான். ஆஸ்பத்திரி செலவெல்லாம் நாமதான பாக்கறோம்? சம்பளமும் குடுத்துட்டுத்தான இருக்கறோம்? இப்பப் போயி சொன்னா அந்தாளு கை வந்துருமா? யூனிட்டு பேருதான் கெட்டுப் போகும். தையல் பிரிஞ்சுதுன்னு இந்த ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா அப்பறம் நம்மள யாரு நம்புவாங்க?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நானும் இதைத்தானே ஒரு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், இதே வார்த்தைகளில்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். மரியபுஷ்பம் நெற்றியில் சாம்பலோடு யூனிட்டுக்கு வந்தாள். அந்தோணியின் மருந்துச் சீட்டைக் கொடுக்க வந்தவள், உட்காரச் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"விரல் இப்ப கொஞ்சம் அசையுது அக்கா. டாக்டரு வரும்னுதான் சொல்லுதாவ. இவியதான் வேண்டாங்காவ. கை வந்தாலும் கத்தியத் தொட மாட்டேன்னு. ஒரு பூட்டை ஒழுங்கா மாட்டத் தெரியாதவன் துணிமேல கத்தி ஓட்டலாமாங்காவ. வீட்டுல கதவத் தாழ்ப்பா போட்டுட்டு வந்து படுப்பாவ, எந்திரிச்சுப் போயிப் பாப்பாவ. மறுபடி படுப்பாவ, மறுபடி போவாவ. கேஸையும் அப்பிடித்தான். நானும் ஆத்த மாட்டாம ஏசிட்டேன் அக்கா. அன்னைக்குக் கவனமா மாட்டியிருந்தா இப்ப இப்பிடி அலைய வேண்டாம்லான்னு. ஏசியிருக்கக் கூடாது."

ஈஸ்டர் முடிந்ததும் ஊருக்கே போய்விடப் போகிறார்களாம். அவர் தம்பி படகில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று.

எலும்பை உடைத்தது என் நூல். இதை என்னவென்று சொல்வது? இது நூல் செய்ததில்லை. இது நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால். அந்த மனுசன் தப்பே பண்ணல, சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னாரே, பூட்டு விழுந்துதான் இருந்துச்சு, கொக்கி கயிறோட முழுசா பூட்டுன வாக்குலதான் பறந்துச்சு, யாருமே அதைத் திரும்பிப் பாக்கல. நான் பாத்தேன். நான் ஒருத்திதான் பாத்தேன்.

12 மார்ச், புதன்

இளங்கோ போன் செய்தார். வீடியோவைப் பார்த்து கோயம்புத்தூர் குரூப் ஒன்று பட்டையை விசாரித்ததாம். "அத்தன இழுப்புக்கும் உங்க பட்டை அத்துப்போகல பாத்தீங்களா, கொக்கிதான போச்சு. இருவத்தஞ்சு வேணுங்கறாங்க. லேபிளோட. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலரு."

இவர் சரி என்று சொல்லிவிட்டாராம். எனக்குத் தெரியாமல். கேட்டால், "இந்தவாட்டி கறுப்பு நூல் போட்டுக்கலாம், அப்பறம் என்ன?" என்கிறார். உலகத்திலேயே சுலபமான வழி இவருக்குத்தான் தெரியும்.

14 மார்ச், வெள்ளி

நாடா வந்து இறங்கிவிட்டது. சிவப்பு, நீலம், பச்சை. ஒச்சம்மாள் சிவப்பு ரோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள், "அக்கா, இதுக்கு என்ன கலர் நூல் ஏத்தட்டும்?"

பதில் சொல்லாமல் பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து, எதுவும் தைக்க வேண்டாம் என்றேன். பிறகு ஸ்டோருக்குக் கூட்டிப்போய் அவளுக்கு அந்தப் பட்டையைக் காட்டினேன். அவள் பிரிந்த முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இல்லைன்னீங்களே" என்றாள்.

15 மார்ச், சனி

வேலம்பாளையம் போனேன். லைன் வீடு, ஒரே அறை. அந்தோணி சுவரில் சாய்ந்து ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பந்து கொஞ்சம்கூட அமுங்கவில்லை. "வாங்க அக்கா" என்று எழப் பார்த்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று காரில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. பட்டையைத் தரையில் வைத்தேன்.

"கொக்கி நழுவலீங்க அந்தோணி. நீங்க பூட்டு போட்டிருந்தீங்க. என் தையல்தான் பிரிஞ்சுது. கலருக்காக சாதா நூல் போடச் சொன்னேன்."

அவர் இடது கையால் எடுத்தார். பிரிந்த முனையை வெளிச்சத்துக்குக் காட்டினார். லேபிளைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"ஆமா. அங்கயே சுருட்டி வெச்சுட்டேன்."

மரியபுஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நூலு மாறிப் போறதெல்லாம் வேலையில நடக்கதுதான்" என்றார் அந்தோணி. சத்தமே உயரவில்லை. "நானும் தப்பா வெட்டியிருக்கேன், நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. அத விடுங்க. நான் ஆஸ்பத்திரியில உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அப்ப நீங்க என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்தீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"இத்தன நாளா என் கைய நானே நம்பல."

மன்னிச்சிருங்க என்றேன். அது காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. மரியபுஷ்பம்தான் பேசினாள். "அந்த வீடியோ எங்க ஊரு வரைக்கும் போயிருக்கு. அவிய அப்பா பாத்துட்டு, எம்மவன் பூட்டு மாட்டத் தெரியாதவனா ஆயிட்டானேன்னு அழுதாவ. எங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு? அங்க சொல்லுங்க. படத்த இங்கயே எடுங்க."

போனை எடுத்துப் பட்டையைப் படம் பிடித்தேன். அந்தோணி தன் கை படத்தில் வராமல் நகர்த்திக்கொண்டார். காபி சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் வந்தது இதுதான் முதல் தடவை.

16 மார்ச், ஞாயிறு

காலை பத்து மணிக்குக் குரூப்பில் போட்டேன். இவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். வேண்டாம் என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினேன்.

படம், அதன் கீழே: "அன்று கொக்கி நழுவவில்லை. அந்தோணிராஜ் பூட்டைச் சரியாகத்தான் போட்டார். பிரிந்தது எங்கள் யூனிட்டில் தைத்த பட்டையின் தையல். பொருத்தமில்லாத நூல் போடச் சொன்னது நான். தைத்தவர் மேல் தப்பில்லை. அன்றே பார்த்தும் மறைத்தேன். பட்டை ஆர்டர் எடுக்கவில்லை. வீடியோவை அனுப்பியவர்கள் இதையும் அனுப்புங்கள். ஜனனி."

எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எப்போதும் காலை வணக்கமும் முருகர் படமுமாக ஓடுகிற குரூப், சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

ஆறு மணிக்கு மேல் பார்த்தேன். இளங்கோவின் வீடியோ இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று இருந்தது.

17 மார்ச், திங்கள்

பாப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் கிளாஸ்ல சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். பொய்தான், ஆனால் உன்னுடையது இல்லை என்றேன். மிஸ்ஸிடம் அவளே போய் மாற்றிச் சொன்னாளாம். இந்தத் தடவை கைதட்டச் சொல்லவில்லையாம்.

27 மார்ச், வியாழன்

இவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை வெளியே எடுக்கவில்லை. குரூப்பில் யாரோ, "அக்கா ஊட்டு பனியனாவது நிக்குமுங்களா" என்று கேட்டு, சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தார்.

நேற்று இளங்கோ வேலம்பாளையம் போயிருக்கிறார் என்று ஒச்சம்மாள் சொன்னாள். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தாராம். என்ன பேசினார் என்று தெரியாது. இங்கே அவர் எங்களுக்கு போன் செய்யவில்லை.

வருத்தமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வருத்தம்தான். ஆனால் ஸ்டோருக்குள் போகும்போது லேபிள் பெட்டிகள் பக்கம் பார்க்காமல் நடக்க வேண்டியதில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். ஒவ்வொரு வருடமும் அந்தோணி வீட்டிலிருந்து கேக் வரும். இந்த வருடம் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார்களா என்று யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை.

28 ஏப்ரல், திங்கள்

காலையில் யூனிட்டைத் திறக்கும்போது அந்தோணி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தார். அவரே போட்டதா, மரியபுஷ்பம் போட்டுவிட்டதா என்று பார்த்தேன், தெரியவில்லை. நேராகக் கட்டிங் மேஜைக்குப் போனார். விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. கத்தி மிஷினை இடது கையால் தூக்கி வைத்து, வலது கையை அதன் பிடியில் பொருத்தி, சும்மா ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். ஸ்விட்சை ஒரு தடவைதான் பார்த்தார். இரண்டாவது தடவை பார்ப்பாரோ என்று நான் மேஜைப் பக்கமே நின்றேன். பார்க்கவில்லை.

மத்தியானம் மரியபுஷ்பம் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் எதிரே போனேன். நிற்காமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"இப்பல்லாம் ஒரு தடவ தாழ்ப்பாளப் போட்டா வந்து படுத்துக்கிடுதாவ" என்றாள். சிரிக்கவில்லை. சொல்ல வேண்டுமே என்று சொன்ன மாதிரி சொல்லிவிட்டுக் கட்டிங் பக்கம் போனாள்.

மூன்று மணிக்குத் துணி வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்கு எதிரே நிமிர்ந்து, அவர் கேட்கிற அதே கேள்வி.

"மேடம், துணி வந்துருச்சு. விரிச்சிரலாமா?"

பக்கத்தில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் என்னை அக்கா என்று தவிர வேறு எதுவும் கூப்பிட்டதில்லை.

"விரிங்க அந்தோணி" என்றேன்.